இன்றே திரும்பு

வின்சன்ட் அண்ணை பிடித்தால் குரங்குப்பிடிதான். மட்டக்களப்புக்காரர், புலம்பெயர்ந்து வந்த லாசாலில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி, துறைமுகத்துக் கிடங்கில் வேலை. அவரைக் குடியிலிருந்து மீட்டது ஒரு சின்னப் புத்தகம். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் பியூரிட்டன் என்ற கடுநெறிக் கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஒருவர், பாவத்தை விட்டு இன்றைக்கே வா என்று வாசகனின் சட்டையைப் பிடித்துக் கெஞ்சி எழுதியது.

அதைத் தமிழாக்க அவருக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. நான் சைவக்காரி, ஆனாலும் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன். அட்டையில் முதலில் 'இன்றே மனந்திரும்பு' என்றுதான் இருந்தது.

"நீளமாக் கிடக்கு. அந்தப் போதகர் சுருக்கமாத்தான் கூப்பிடுவார்" என்று 'மன'த்தை வெட்டினார். நானும் மண்டையை ஆட்டினேன்.

புத்தகத்தை ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் கீழால் தள்ளிவிட்டார்.

கீழ்மாடியில் குணேஸ்வரி இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம். அகதி விசாரணைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இரண்டு நாளாக ஆளைக் காணவில்லையே என்று போய்த் தட்டினேன். வாசலில் இரண்டு சூட்கேஸ்.

"போகச் சொல்லிக் கடிதம் வந்திட்டுது அக்கா. தமிழிலயே அடிச்சிருக்கிறாங்கள்" என்று எங்கள் புத்தகத்தை நீட்டினாள். அட்டைக்கு மேல் அவள் புரட்டவேயில்லை. 'இன்றே திரும்பு. நாளை வாசல் அடைபடும்.'

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல், பாதி என்மேல். மனிதரைக் கையோடு இழுத்து வந்தேன்.

"தங்கச்சி, நாட்டுக்குத் திரும்பச் சொல்லல்லம்மா. மனம்! மனம் திரும்பச் சொன்னது." அழுதுவிட்டார்.

அவள் சிரித்தாள், பிறகு அவளும் அழுதாள்.

மிச்சம் நானூறு புத்தகத்திலும் கையால் 'மனம்' எழுதினோம். "முருகனை நான் விடமாட்டன் அண்ணை. ஆனா என்ர எழுத்து வடிவு" என்று அவளும் வந்து குந்தினாள். எழுதுகிற சாட்டில் வாசிக்கவும் செய்தாள்.

"முகம் தெரியாத ஆளுக்காக இந்த மனுசன் இவ்வளவு கெஞ்சுறாரே" என்றாள் ஒருநாள். வின்சன்ட் அண்ணை அடுத்த புத்தகத்தை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

விசாரணையன்று அவர் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்து, விசாரணை அறைக்கு வெளியே நீள வாங்குப் பலகையில் என்னோடு இருந்தார். பின்னேரம் கதவு திறந்து குணேஸ்வரி வந்தாள்.

"அண்ணை, நான் திரும்பத் தேவையில்லையாம்!"

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கட்டடமே அதிரக் கத்தினார் வின்சன்ட் அண்ணை. ஊரையெல்லாம் திரும்பச் சொல்லுகிற மனிதர்!