மேடம் பார்க்காத நாட்கள்

எங்கள் ஆய்வகத்தில் குளிர்பெட்டிக்குப் பூட்டுப் போட்ட ஒரே ஆள் மேடம்தான். நான் எலிக்கூடம் பார்க்கிறவள். பதினெட்டு வருஷமாக அவருக்கு எலி கொடுத்தவள். என்னிடமே கூண்டு எண்ணை மூன்று தடவை கேட்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஆனால் அது சும்மா வந்த குணமில்லை. இளவயதில் அவர் ராப்பகலாக உழைத்துக் கண்டுபிடித்ததை அவருடைய பேராசிரியர் தன் பெயரில் அச்சடித்துக்கொண்டார். அதிலிருந்து மனுஷி தன் நிழலைக்கூட நம்பவில்லை.

மேடத்தின் பெயரைச் சொல்லும் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. உடம்பில் சுரக்கும் ஒரு சின்ன ஹார்மோன், தசையைக் கூடுதலாகச் சர்க்கரை உறிஞ்ச வைக்கிறது என்பது. சர்க்கரை நோய்க்கு மருந்தாகலாம் என்று பேசிக்கொண்டார்கள். சோதனை எளிதுதான். செத்த எலியின் இடது பின்னங்கால் தசையை எடுத்து வெறும் கரைசலில் போடுவார். அடுத்து வலது கால் தசை, ஹார்மோன் கலந்த கரைசலில். பதினோரு வருஷமும் வலதுதான் கூடுதல் சர்க்கரையை உறிஞ்சி ஜெயித்தது.

மேடத்துக்கு மணிக்கட்டு வலி வந்ததும், வெட்டிக் கொடுக்க ஒரு டெக்னீஷியனை வைத்தார்கள். நாற்பது வயது, வாயைத் திறக்காத ஆள். நெட்டை என்போம். இரண்டாம் மாதமே வினை வந்தது. மேடம் பக்கத்தில் நின்றால் வலது ஜெயிக்கும். மேடம் எங்கேயாவது கூட்டத்துக்குப் போனால் இடது ஜெயித்துவிடும். யாரோ இரண்டு கரைசலையும் இடம் மாற்றி வைத்தது போல! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"அவன் மாத்தி ஊத்துறான். எவனோ அனுப்பின ஆளு," என்றார் மேடம். "நீதான் கண்ணு வெச்சுப் பாக்கணும்."

எலி கொண்டுபோகும் சாக்கில் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். அவன் கை போன இடமெல்லாம் ஒரு தாளில் குறித்தேன். கேவலமாகத்தான் இருந்தது, ஆனாலும் குறித்தேன். மூன்று வாரமாகியும் ஒன்றும் சிக்கவில்லை. அதற்குள் பொறுமை போய், மேடம் இயக்குநருக்குப் புகார் எழுதிவிட்டார். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று நெட்டையை அனுப்பினார்கள். மோசடிக்காரன் என்ற பட்டத்தோடு வெளியே போகிறவனுக்கு வேறு எந்த ஆய்வகம் கதவைத் திறக்கும்?

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு என் தாளை மேடத்திடம் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"வலது காலையா முதல்ல வெட்டினான்?"

அவன் இடது கைக்காரன், தனியாக இருந்தால் கைக்கு வசதியான வலது காலிலிருந்துதான் ஆரம்பிப்பான், நீங்கள் நின்றால் மட்டும் உங்கள் வழக்கப்படி செய்வான் என்றேன். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவரே சொன்னார். முதலில் எடுத்த தசை உடனே கரைசலுக்குப் போய்விடும். அங்கே ஆக்சிஜன் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். அடுத்த கால் தசையோ ஏழெட்டு நிமிஷம் செத்த உடம்பில் மூச்சில்லாமல் கிடக்கும். மூச்சுக்குத் தவிக்கும் தசை சர்க்கரையை அள்ளி விழுங்கும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான்.

வலியோடு அவரே கத்தியை எடுத்தார். இரண்டு பக்கமும் வெறும் கரைசல்; ஹார்மோன் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆறு எலிகளிலும் இரண்டாவதாக எடுத்த காலே ஜெயித்தது. மேடம் முக்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

விசாரணையில் மேடம் எதையும் மறைக்கவில்லை. தப்பு தன்னுடையது, பதினோரு வருஷக் கட்டுரைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். எல்லோர் முன்பும் நெட்டையிடம் மன்னிப்புக் கேட்டார். நாளையே வேலைக்கு வரலாம் என்றார் இயக்குநர்.

நெட்டை எழுந்தான்.

"மூணு வாரமா ரெண்டு பேரும் என்னையே பாத்துட்டு இருந்தீங்க மேடம். எதுக்கு வலது காலை முதல்ல எடுக்கறேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

நான் தரையைப் பார்த்தேன். அவன் இனி வரமாட்டேன் என்று எழுதி இயக்குநர் மேஜையில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டி வெளியே போனான்.