சிவந்த இமைக்கு ஒரு சான்றிதழ்

எழுபதுகளின் பின்பாதியில் கோவில்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். என் இமை ஓரங்கள் ஆண்டு முழுவதும் சிவந்திருக்கும். காலையில் பீளை காய்ந்து இமைகள் ஒட்டிக்கொள்ளும். விரலால் பிரித்தால் இரண்டு முடியாவது கையோடு வரும். கரிசல் புழுதி என்றார்கள், உடல் சூடு என்றார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. கண் டாக்டர்தான் உண்மையைச் சொன்னார்.

"இது தீராது சார். பல்லு விளக்குத மாதிரி தினம் செய்யணும். வெந்நித் துணியால ஒத்தடம், பஞ்சால இமை விளிம்பத் துடைக்கணும், அப்புறம் களிம்பு. ஒருநா விட்டாலும் திரும்ப வந்துரும்."

நான் ஒருநாளும் விடவில்லை. ஆனால் ஒத்தடம் கொடுத்த சூட்டோடு அலுவலகம் போனால் இமை இன்னும் சிவந்து தெரியும்.

அது மதுவிலக்குக் காலம். தலைமை எழுத்தர் காலையிலேயே ஆரம்பிப்பார்.

"என்ன வே, நேத்து எந்த ஓடையில சாராய ஊறல்? எங்களுக்கும் இடத்தச் சொல்லும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம். பணிமூப்பில் நான் முதல்; அடுத்தவர் தலைமை எழுத்தரின் மைத்துனர். நான் குடித்துவிட்டு வேலைக்கு வருவதாக மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது.

பெயரில்லாத மனுவின் மேல் நடவடிக்கை கிடையாது என்பது எனக்குத் தெரியும். சும்மா இருந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. என்னை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும்படி நானே விண்ணப்பித்தேன், உரிய வழியாக, இணைப்புகளோடு. சான்றிதழ் வந்தது: குடிப்பழக்கத்துக்கான அறிகுறி இல்லை, நாள்பட்ட இமை அழற்சி, முழுக் குணத்துக்கு வாய்ப்பில்லை.

முன்பாதியைப் படித்து மேலதிகாரி புகாரை முடித்தார். பின்பாதியைப் படித்துவிட்டு, கோப்புகளைப் படிக்க வேண்டிய பதவிக்கு என் கண்கள் தகுதியானவையா என்பது ஐயமே என்று குறிப்பெழுதினார். கெட்டது இமை, பார்வையல்ல என்று விளக்கம் அனுப்பினேன். மேல்முறையீடும் செய்தேன். பதில் வருவதற்குள் மைத்துனர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தலைமை எழுத்தர் ஆறுதல் சொன்னார்.

"குடிச்சேன்னு ஒத்துக்கிட்டிருந்தாக்கூட ஒரு கண்டிப்போட போயிருக்கும் வே. நீராப் போயி நோயாளின்னு எழுதி வாங்கிட்டு வந்து நிக்கீரு!"

விதிப்படி அவர் சொன்னது சரி. மறுக்க எனக்கு ஒரு பிரிவும் அகப்படவில்லை. அதன்பின் பதினோரு ஆண்டுகள் கோப்புகளை நான் படித்துச் சொன்னேன். மைத்துனர் கையெழுத்துப் போட்டார்.