ஆறாவது குமிழ்

என்னிடம் இருக்கும் சவுண்டு மிக்சர் சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரியது. ஆறு சேனல், ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழாக ஒரு வரிசைக் குமிழ்கள். வேனில் போகும்போது என் மனைவி அதை மடியில் வைத்துக்கொள்வாள். வார நாட்களில் நான் யோங் பெங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடுகிறவன். சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்து, பிறந்தநாள் என்று சின்ன மண்டபங்களுக்கு மைக் செட் போடுகிறவன். இந்த இரண்டாவது வேலையில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். மண்டபத்தில் வந்து உட்காரும் பெரிய மனிதர்களுக்குக் காது இருப்பது கண்ணாடி மாட்ட மட்டுமே.

மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து வருவார். "தம்பி, சவுண்டு பத்தல லா." அவர் போய் உட்காருவதற்குள் பெண்ணின் தாய்மாமன் வருவார், அடித்தொனி அதிரும்படி பாஸ் ஏற்றச் சொல்லி. அறிவிப்பாளரோ சோளக்கதிரைக் கடிப்பதுபோல மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு, எக்கோ கேட்பார். எக்கோ இல்லாமல் பெயரைச் சொன்னால் டத்தோ பட்டம் வாங்கியவருக்கு மரியாதைக் குறைவாம். போட்டுவிடுவேன். எக்கோவில் ஒரு சொல்கூடப் புரியாது, அந்தப் பேச்சுகளுக்கு அதுவே நல்லது. இத்தனை வருஷத்தில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்லை.

இவர்களுக்காகவே ஆறாவது சேனலைக் காலியாக வைத்திருந்தேன். அதில் எந்த மைக்கும் செருகமாட்டேன். யாராவது வந்து நின்றால் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு அதன் குமிழைக் கொஞ்சம் திருப்புவேன். "இப்ப எப்படிண்ணே?" அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். "ஹா, இப்பதான் உயிரு வந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போவார். உள்ளே எதுவுமே மாறியிருக்காது. எனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

இந்த ரகசியம் தெரிந்த இன்னொரு ஆள் என் மனைவி. எந்தக் குமிழ் எந்த மைக்குக்கு என்று வெள்ளை டேப்பில் முத்து முத்தாக எழுதி ஒட்டுவது அவள் வேலை. ஆறாவதில் "வி.ஐ.பி." என்று எழுதியதும் அவள்தான். அன்றைக்கு யார் யார் ஏமாந்தார்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வீடு வருவோம்.

அவள் பாடுவாள், நன்றாகவே பாடுவாள். ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால் பாடமாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் லாபிஸில் ஏதோ ஒரு நிச்சயதார்த்தத்தில் பாடியபோது அவளுடைய சித்தப்பா ஆடு மாதிரி கத்திக் காட்டியிருக்கிறார். சபையே சிரித்ததாம், அவள் அம்மாவும் சேர்த்து. அதற்குப் பிறகு அவள் பாட்டு எங்கள் சமையலறையோடு சரி. அவள் தம்பிக்குக் கல்யாணம் முடிவானதும், ஒரு நாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்த ஆளு முன்னாடி ஒரே ஒரு பாட்டு. சுதி விலகாம பாடிட்டு எறங்கணும். அது போதுங்க."

மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிறும் படுக்கையறையில் அதே மிக்சரை வைத்து அவளை மடிக்கணினியில் பதிவு செய்தேன். எங்கே குரல் இறங்குகிறது என்று எனக்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிடுவாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "அன்னைக்கு என் குரலு எனக்குக் கேக்கணும். அது கேட்டா நான் நின்னுடுவேன்." அவள் காலடியில் தனியாக ஒரு ஸ்பீக்கர் வைப்பதாகவும், ஒரு விரலைத் தூக்கினால் அதன் சத்தத்தை ஏற்றுவதாகவும் பேசிக்கொண்டோம்.

கல்யாணம் முந்தின நாளே கோயிலில் முடிந்துவிட்டது. ஞாயிறு மதியம் லாபிஸ் மண்டபத்தில் விருந்து. பதினோரு பேர் என்னிடம் வந்து ஏற்றச் சொன்னார்கள். ஆட்டுக் குரல் சித்தப்பா மட்டும் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் ஆறாவதைத் திருப்பினேன். சங்கீத வித்வான் தோரணையில் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் மேடை ஏறினாள். பல்லவி அப்பழுக்கில்லாமல் வந்தது. சித்தப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கீபோர்டுக்காரன், அவனும் அதே ரகம்தான், தன் சத்தத்தைத் தானே ஏற்றிக்கொண்டான். அவள் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினாள். என் கை ஆறாவது குமிழுக்குப் போனது.

கை பழக்கத்தில் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பொய். விரலைப் பார்த்தேன், அர்த்தமும் தெரிந்தது. நன்றாகத்தான் கேட்கிறது, இவளுக்குப் பயம், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மண்டபத்தில் எல்லாரைப் பற்றியும் நினைப்பதைத்தான் அவளைப் பற்றியும் நினைத்தேன். பெரியப்பாக்களுக்குக் காட்டும் அதே தீவிர முகத்தோடு திருப்பிவிட்டுத் தலையாட்டினேன். அவள் பார்வை என் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. அந்தக் குமிழ் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அந்தச் சபையில் அவள்தான்.

சரணத்தில் குரல் இறங்கியது. அப்புறம்தான் சரியான குமிழை அவசரமாகத் திருப்பினேன். ஸ்பீக்கர் வீலென்று அலறியது, முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சித்தப்பா இந்தத் தடவை கத்திக் காட்டவில்லை. அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. திரும்பிக்கொண்டு இன்னொரு கரண்டி கோழிக்குழம்பு கேட்டார். அவள் கடைசி வரி வரை பாடி, கைகூப்பிவிட்டு இறங்கினாள்.

வீடு திரும்பும்போது மிக்சர் பின் சீட்டில் கிடந்தது. கீபோர்டுக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை தங்காக்கில் ஒரு பிறந்தநாள். காலையில் அவள் வழக்கம்போலச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழைய டேப்புகளை உரித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாள். ஆறாவதில் "நான்" என்று இருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"நீங்க என்னைய எங்க வச்சீங்களோ அங்கதான் ஒட்டியிருக்கேன்," என்றாள். கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்து மூடினாள். வேனுக்கு வரவில்லை.

தங்காக்கில் யாரோ ஒரு மாமா வந்து, "சவுண்டு பத்தல லா," என்றார். என் கை அந்த டேப் வரை போய்த் திரும்பி வந்தது. நிஜக் குமிழைத் திருப்பினேன். மண்டபமே அலறியது. "ஹா, இப்ப ஓகே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. டேப்புகளை மட்டும் எழுதி வைத்துவிடுகிறாள். சமையலறையில் இப்போது தாளிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.