தபாலில் வந்த மெட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பாட்டுக் கசெற் கிடக்கிறது. உறையில் மழையங்கி போட்ட ஓர் இளம்பெண் கடற்கரையில் நிற்கிறாள். பெயர் யப்பானிய எழுத்தில் இருப்பதால் எனக்கு வாசிக்கத் தெரியாது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் என்னோடு வேலை செய்த யப்பான்காரி ஒருத்தி தந்தது. ஒருநாள் அவள் கண்ணாடிகளைத் துடைத்தபடி ஒரு மெட்டை முணுமுணுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இது என் அத்தானின் பாட்டு, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்தாள். அடுத்த நாள் இந்தக் கசெற்றைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ரொறன்ரோவில் தமிழ்க் கலியாண ஹோல்களுக்குப் போய் வந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. கழுத்தில் பட்டுச் சால்வை, விரலில் பச்சைக்கல் மோதிரம், அறிவிப்பாளர் வாயில் 'இசைச் செம்மல்'. இந்த நாட்டுக்கு வருமுன் கப்பலில் வேலை. அதிகாரி என்பார். சமையற்கட்டில் வெங்காயம் உரித்தவர் என்று கூட வேலை செய்த இன்னொருவர் சொல்லியிருக்கிறார். யப்பான் துறைமுகங்களுக்கு அடிக்கடி போன கப்பல் அது. அதில் இருந்த ஒரு கூட்டாளி கோபே நகரிலேயே கலியாணம் செய்து தங்கிவிட்டார். அவரிடமிருந்து வருடத்தில் ஒன்றிரண்டு தரம் பார்சல் வரும். முதுகுநோவுக்கு ஒட்டுகிற யப்பான் பிளாஸ்ரர் என்று அத்தான் சொல்லுவார். பார்சல் வந்தால் வோபர்ன் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்து பேஸ்மென்ற் கதவு சாத்தப்படும். அக்கா வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாதேங்கோ, அவருக்கு மெட்டு வருது" என்பாள். மெட்டு வந்தது உண்மைதான். தபாலில் வந்தது.

அந்தக் கசெற்றில் பாடியவளின் வரலாற்றை யப்பான்காரி மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் எனக்குச் சொல்லுவாள். நான் கேட்கக் கேட்க அத்தானின் வரலாறு தன்பாட்டில் விளங்கிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு பியானோவின் முன்னால் உட்கார்ந்து, தானே எழுதித் தானே பாடத் தொடங்கியவள் அவள். அந்த மென்மையான பாட்டுக்கள்தான் எங்கள் ஊர்க்காரர் 'அத்தானின் பொற்காலம்' என்று சொல்லுகிற காலம். பிறகு அவள் மின்னிசைக்கு மாறினாள். கொஞ்ச நாளில் அத்தானும் காலத்தோடு மாற வேண்டுமென்று கீபோர்ட் வாங்கி, பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்தியவீட்டுச் சனத்தை எல்லாம் குதிக்கவைத்தார். பிறகு அவளுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்து சில வருடங்கள் பாடவே இல்லை. அதே வருடங்களில்தான் அத்தான் தாடி வளர்த்துக்கொண்டு வானொலிக்குப் போய், "நாட்டில சனம் சாகேக்க எனக்கு எப்பிடிப் பாட்டு வரும்?" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த நான் அழுதேன். நாட்டில் போரில் செத்தவர்களில் எங்கள் சின்னம்மாவும் ஒருத்தி. பாடகியின் குரல் தேறி, அடித்தொண்டையில் புதுப்பாட்டுப் பாடிய பிறகு அத்தானின் தாடியும் போய்விட்டது. துயரத்தில் பழுத்த இசை என்று எல்லாரும் மெச்சினார்கள். மற்றதையெல்லாம் மன்னித்தாலும் அந்தத் தாடியை நான் மன்னிக்கமாட்டேன்.

அக்கா இல்லாவிட்டால் இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். கலைஞனுக்கு ஷிப்ட் வேலை சரிவராது என்று அவர் பேஸ்மென்றில் இருக்க, அவள் கிழமை நாட்களில் பாண் சுடுகிற தொழிற்சாலையிலும் சனி ஞாயிறுகளில் முதியோர் இல்லச் சமையலறையிலும் நின்றாள். இளமையில் நல்லாய்ப் பாடியவள் அவள். வீட்டில் ஒரு பாட்டுக்காரர் போதும் என்று விட்டுவிட்டாள். அதற்கெல்லாம் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டு. அவளைப் பெண்பார்க்க வந்துவிட்டுப் போன அன்றே அவளுக்காகக் கட்டிய மெட்டு என்று அத்தான் சொல்லுவார். எந்த ஹோலில் அதைப் பாடினாலும் அக்கா எழுந்து நிற்பாள், சனம் கைதட்டும். என் கசெற்றில் முதற்பக்கத்தில் இரண்டாவது பாட்டு அது. ஒருமுறை அக்காவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "உனக்கு அவரைக் கண்ணில காட்டேலாது" என்று அரை வருடம் என்னோடு பேசாமல் இருந்தாள். அவள் ஏமாந்துகொண்டிருக்கிறாள் என்பதை அவள் தன் காதாலேயே அறிய வேண்டும், அதுதான் என் ஆசையாக இருந்தது.

போன இலையுதிர் காலத்தில் அந்தப் பாடகி தன் கடைசிச் சுற்றுப்பயணமென்று இங்கே வந்தாள். நான் இரண்டு ரிக்கெற் எடுத்தேன். அத்தானுக்கு முதுகுநோ, நல்லதாய்ப் போயிற்று. பாட்டுக் கச்சேரி என்று மட்டும் சொல்லி அக்காவைக் கூட்டிப்போனேன். அவள் காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு வந்து, "என்னடி, ஒரு தமிழ்ச் சனத்தையும் காணேல்லை" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தலை நரைத்த ஒரு சிறிய மனுசி மேடைக்கு வந்து பியானோவில் உட்கார்ந்தாள். மூன்றாவதாக அந்த மெட்டு வந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு வந்தது சந்தோசம்தான், மறைக்கமாட்டேன். இத்தனை வருடங்களாகக் காத்திருந்த நிமிடம்.

அக்கா என் காதுக்குள் சொன்னாள்: "எடியே, உவ எங்கட பாட்டையெல்லே பாடுறா! கள்ளி!"

வீடு வரும்வரை காருக்குள் அவள் வாய் ஓயவில்லை. "இவர் கப்பல்ல இருக்கேக்கை பாடியிருப்பார், துறைமுகத்தில ஆரோ கேட்டிருக்கினம். வெள்ளந்தி மனுசன், எழுதிப் பதிஞ்சு வைச்சிருந்தால்தானே!" வீட்டுக்குள் போனதும் சால்வையும் பிளாஸ்ரருமாகச் சோபாவில் கிடந்த அத்தானிடம் முழுவதையும் கொட்டினாள். அத்தான் என்னை ஒரு கணம் பார்த்தார். அவர் வாழ்க்கையில் பொய் கலக்காமல் பார்த்த பார்வை அது ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இஞ்சரும், விடும். பாவம், வயசு போன மனுசி. பாடிப் பிழைச்சுப் போகட்டும்" என்றார்.

"உங்கட மனசு ஆருக்கு வரும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா தேத்தண்ணி போடப் போனாள். நான் கைப்பையிலிருந்து கசெற்றை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன். அவர் அவசரப்படாமல் பக்கத்தில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையை எடுத்துக் கசெற்றை மூடினார். குசினியிலிருந்து அக்காவின் பாட்டுக் கேட்டது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுப் பாடினாள், அதே பாட்டை. தேத்தண்ணி வருமுன் கசெற்றை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுவிட்டேன்.

போன மாதம் அவர்களுடைய கலியாண நாளை ஒரு ஹோல் எடுத்துக் கொண்டாடினார்கள். அத்தான் அந்தப் பாட்டைப் பாடி முடித்ததும் அறிவிப்பாளர், யப்பான் நாட்டுப் பாடகியே களவெடுத்துப் பாடுகிற மெட்டு இது என்று முழங்கினார். ஹோல் முழுக்க ஆச்சரியம். எழுந்து நின்ற அக்கா என்னைக் காட்டி, "என்ர தங்கச்சி நேரை கண்டவ, கேட்டுப் பாருங்கோ!" என்றாள். மைக் என் கைக்கு வந்தது. அத்தான் மேடையில் மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம்" என்றேன். "அவ பாடினவ. நான் கேட்டனான்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அப்படிப் பேச எங்கே படித்தேன் என்று எனக்குத் தெரியும். சனம் கைதட்டியது. அத்தான்மேல் இத்தனை காலம் வைத்திருந்த இளக்காரத்தில் பாதி அந்தக் கைதட்டலோடு என்மேல் வந்து விழுந்தது.

சாப்பாட்டு வரிசையில் அத்தான் எனக்குப் பின்னால் வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறாரோ என்று நினைத்தேன். "பிள்ளை, உந்தக் கசெற்றை ஒருக்காத் தாவன்" என்றார் மெல்லிய குரலில். "என்ர கசெற்றில நாடா அறுந்துபோச்சு. அவவின்ர அந்தக் காலத்துக் குரல் இனி வராது."

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் இது இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது. மழையங்கிப் பெண் அப்படியே கடற்கரையில் நிற்கிறாள். எடுத்துப் போட்டுக் கேட்கலாமென்றால் என்னிடம் கசெற் பெட்டி இல்லை. எங்கள் குடும்பத்தில் அது இப்போது அத்தானிடம் மட்டும்தான் இருக்கிறது.