ஐக்யூ எண்பத்தொன்று

காலையில் இணையத்தில் ஐக்யூ தேர்வு எழுதினேன். எண்பத்தொன்று வந்தது. சராசரி நூறாம்.

துறைமுகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிரேன் சங்கிலிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அவற்றின் கீழே ஆட்கள் நின்றார்கள். அந்த வேலைக்கு நான் தகுதியானவன்தானா?

காலடிப்பேட்டை டீக்கடையில், அந்தக் காலத்தில் அங்கே கிரேன் ஓட்டிய ஏழுமலையிடம் சொன்னேன்.

"இன்னா சார் பேஜாரு? நீ சங்கிலிய ரெண்டாவது தபா பாக்கறதுக்குள்ள நா மேல குந்திகினே தூங்கிடுவேன். பரிச்சையிலயும் அப்டித்தான் டைம் முட்ஞ்சி போயிருக்கும்."

உண்மைதான். பத்துக் கேள்விகளை நான் தொடவே இல்லை.

நிம்மதியாக வீடு திரும்பி, நேரக் கட்டுப்பாடு இல்லாத வேறொரு தேர்வை எழுதினேன். எல்லா விடைகளையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

எழுபத்தெட்டு.

ஏழுமலையிடம் இன்னும் சொல்லவில்லை. மதிப்பெண் குறைந்ததற்கு வேறு காரணம் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். இரண்டு முறை படிக்கிறேன்.