ஒரு பதில் சொல்லுங்களேன்

ஜனங்களைக் கோயிலுக்கு வரவைப்பது சுலபம், வந்தவர்களை வாய் திறக்க வைப்பதுதான் பாடு என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் உபதேசியார்தான் எனக்கு முதலில் சொன்னார், போன வருசம் ஈஸ்டர் முடிந்த வாரம். அன்றைக்குத்தான் பாதர் கறாராகச் சொல்லியிருந்தார்: “பூசையில நான் பேசுறேன், மைக் பேசுது. வேற சத்தமே இல்ல. மூணு மாசம் பாப்பேன். அப்புறம் எல்லாரும் பங்குக் கோயிலுக்கே வந்துருங்க.” அரிமளம் பக்கம் எங்களுடையது சின்னக் கிளைக் கோயில். பாதர் தங்கியிருக்கும் பங்குக் கோயில் எட்டுக் கிலோமீட்டர். முட்டி வலிக்காரர்கள் எப்படிப் போவார்கள்? என் பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் அதட்ட ஆளில்லாமல் இருந்த நான், ஜெபம் பண்ணிவிட்டு ஜனங்களை வாய் திறக்க வைக்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். கோயில் வேலையில் மாட்டியவர்களுக்கு இதெல்லாம் புரியும்.

பின்வரிசை

முன்னால் ஜமக்காளம் காலியாகக் கிடக்கும், ஆம்பளைகள் எல்லாம் கடைசிச் சுவரில் சாய்ந்திருப்பார்கள். கூப்பிட்டுப் பார்த்தேன், நகரவில்லை. சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு பின்பக்கத்து ஃபேன் இரண்டையும் நிறுத்திவிட்டேன். முதல் பைபிள் வாசகம் முடிவதற்குள் ஒவ்வொருவராக முன்னால் வந்துவிட்டார்கள். மளிகைக்கடை சேவியர் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி, அங்கிட்டு இருந்தது பணிவு. இங்கிட்டு வந்தது வேர்வை. பாதர்ட்ட பக்தின்னு சொல்லிறாத.”

புதுப் பாட்டு

பாடகர் குழுப் பிள்ளைகள் வாரம் ஒரு புதுப் பாட்டு எடுப்பார்கள். நாங்கள் கச்சேரி கேட்பதுபோல உட்கார்ந்திருப்போம். ஒரே பாட்டை நாலு ஞாயிறு பாடச் சொல்லிக் கெஞ்சினேன். நாலாவது வாரம் கோயிலே சேர்ந்து பாடியது. கீபோர்டு வாசிக்கிற ஜெனிபருக்கு ஒரே கோபம். “என்ன ஆன்ட்டி, எல்லாரும் பாடுறாங்க, எங்க குரலே கேக்கல!”

சீட்டு

பூசை நடுவில் ஜனங்களில் ஒருவர் வாசிக்க வேண்டிய விசுவாசிகள் மன்றாட்டைச் சீட்டில் எழுதிச் சனிக்கிழமையே கொடுத்துவிடுவேன். அன்று சாயந்தரமே பாதிப்பேருக்குத் தொண்டை கட்டிவிடும். பாதர் சொன்ன கெடுவின் கடைசி ஞாயிறு, வாசிக்க ஆள் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்தே வைத்திருக்கும் ஆரோக்கியம் அக்கா கையில் சீட்டைத் திணித்து மைக்குக்கு அனுப்பினேன். அக்கா சீட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தனை பேர் முன்னால் ஒரு பெரிய மனுசியைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று சீட்டைத் திரும்ப வாங்க எழுந்தேன்.

அக்கா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “ஆண்டவரே, சவுதிக்குப் போன எம் மகன் பத்து நாளாப் போன் போடல. நீர்தான் பாத்துக்கணும்.” அவ்வளவுதான். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” என்று கோயில் முழுக்கப் பதில் வந்தது. வெளியே பைக்கில் சாய்ந்து நின்றவர்கள் குரலும் அதில் சேர்ந்திருந்தது. பிறகு சீட்டே இல்லாமல் மகள் பிரசவத்துக்கு ஒருத்தர், போர்வெல் தண்ணிக்கு ஒருத்தர் என்று ஏழு பேர் மைக்குக்கு வந்தார்கள்.

அன்று சாயந்தரமே மகனின் போன் வந்துவிட்டது. அவன் போன் தண்ணீரில் விழுந்திருந்ததாம். அதற்கு முன்பே, பூசை முடிந்த கையோடு பாதர் என்னைக் கூப்பிட்டார். பங்குக் கோயிலுக்கே வரச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். “இன்னைக்கு முடியவே பத்தரை ஆயிருச்சும்மா. அடுத்த வாரம் மன்றாட்டக் கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்க.”

‘அடுத்த வாரம்’ என்று அவர் வாயால் கேட்க நான் பட்ட பாடு உங்கள் ஊரில் யாரும் படவேண்டாம், வருகிற ஞாயிறு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி ஒரு ‘ஆமென்’ சொல்லிவிடுங்கள்.