சீனித் தண்ணீர்

என் சிநேகிதியின் புருஷன் வல்வெட்டித்துறையில் கடலுக்குப் போகிறவர். நெஞ்சு ஒப்பரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர் பிழைக்க வேண்டுமென்று இவள் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்கத் தொடங்கினாள். இவளோ நீரிழிவுக்குத் தினமும் இன்சுலின் ஊசி போடுகிறவள். அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் போய்ப் பார்த்தேன். உடம்பெல்லாம் வியர்த்து, கை சில்லிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஊசி போட்டனியோ?”

“ஓம். சாப்பாட்டைத்தானே விட்டனான், மருந்தை விடேல்லையே.”

சாப்பிடாமல் அந்த ஊசி போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும். அவளை இருத்தி, சீனியைக் கரைத்து வாயில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“விரதம் முறிஞ்சா அவருக்கு ஏதும் நடந்திடுமடி.”

“அவர் சுகமாகி வரேக்கை நீ செத்துக் கிடக்கப் போறியோ, விசரி? குடி.”

குடித்தாள். கொஞ்ச நேரத்தில் வியர்வை நின்றது. என்னை முறைத்தபடி, “அவருக்கு ஒண்டு நடந்தா நீதான் பொறுப்பு” என்றாள்.

மறுநாள் காலை ஒப்பரேஷன். விரதமாவது மண்ணாங்கட்டியாவது என்று கத்துகிற எனக்கு, அவர் கண் விழித்தார் என்ற செய்தி வரும்வரை ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.